பனி உருகும் பருவத்தில் மலை நடை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இமயம் என்றதும் நம் தமிழ் வகுப்பில் முதலில் நினைவுக்கு வருபவன் சேரன் செங்குட்டுவன். கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்தில் கல்லெடுத்து, அதைக் கங்கையில் நீராட்டி, வஞ்சி நகருக்குத் திரும்பி வர அவனுக்கு முப்பத்திரண்டு மாதங்கள் ஆயின என்று சிலப்பதிகாரம் கூறும். சென்ற மே மாதம் நான் இமயத்துக்குப் போய்வர எடுத்துக்கொண்டது பதினேழு நாட்கள். கல் எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் ‘கல்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டுவந்தேன். அந்தச் சொல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும், அதன் பின்னால் இருக்கும் இயற்பியலையும் என் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நான் சென்ற இடம் இமாசலப் பிரதேசத்தில் குலு மாவட்டத்தைச் சேர்ந்த பார்வதிப் பள்ளத்தாக்கு. பார்வதி என்பது ஓர் ஆறு. அது பூந்தர் என்ற ஊரில் பியாஸ் நதியோடு கலக்கிறது. ஆற்றங்கரையில் உள்ள கசோல் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, கிரஹண் கிராமம், மிங் தாச், நகாரு ஆகிய இடங்களில் தங்கி, சுமார் 13,800 அடி உயரத்திலுள்ள சார் கணவாயைக் கடந்து மறுபக்கம் பிஸ்கேரி வழியாக இறங்குவது எங்கள் பாதை. ‘தாச்’ என்றால் அங்கே மேய்ச்சல் நிலம். ‘சார்’ என்றால் ஏரி. கணவாயை ஒட்டிய சிறு ஏரி மே மாதத்தில் பனிக்கு அடியில் உறைந்து கிடக்கிறது. அதன் மேலேயே நடந்து போகிறோம்.

அம்பத்தூரில் கத்திரி வெயில் கொளுத்தும் அதே வாரங்களில்தான் அங்கே வசந்தம். குளிர்காலம் முழுவதும் குவிந்த பனி உருகி, பாதைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கிரஹணுக்கு மேலேயுள்ள காட்டில் ஒரு மரம் செக்கச்செவேலென்று பூத்திருந்தது. பெயர் கேட்டபோது ‘புராஞ்ச்’ என்றார்கள். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்வார்களே, அதன் நெருங்கிய உறவு அது. தாவரவியல் மாணவர்கள் கவனிக்க.

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாயார் தையல் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலையேற்ற முகாமுக்குப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “மலை மேல ஏறி என்னடா கொண்டாரப் போற?” அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த சீட்டுப் பணத்திலிருந்து கட்டணத்தைக் கொடுத்தார். ஆகவே போன காரியத்தை முடிக்காமல் திரும்புவதில்லை என்று ஒரு வைராக்கியத்தோடுதான் சென்னை சென்ட்ரலில் இரயில் ஏறினேன். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மலையில் நான் செய்யவிருந்த பெருந்தவறுக்கு அந்த வைராக்கியமே வேர்.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துவிடுவோம். நமக்கு எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்பதும் பனி. ஆவடிச் சாலையில் லாரி விளக்கை மறைப்பதும் பனி. உதகையில் சனவரியில் புல்வெளியை வெளுப்பாக்குவது உறைபனி. இமயத்தில் விழுவதோ வேறு. அது வானிலிருந்தே திடப்பொருளாக இறங்கி, பஞ்சு போலக் குவிந்து, தன் எடையாலேயே அமுங்கி இறுகுகிறது. புதிதாக விழுந்தபோது மிக இலேசாக இருக்கும் அது, வசந்தத்துக்குள் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 கிராம் என்ற அளவுக்கு அடர்த்தியாகிவிடும். அதாவது ஒரு மீட்டர் ஆழப் பனிக்குள் நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

சேமிப்பு என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். நம் பக்கத்து ஆறுகளான கூவமும் அடையாறும் கொசத்தலையாறும் மழை பெய்தால் ஓடும், நின்றால் வறளும். அதனால்தான் நம் முன்னோர் செம்பரம்பாக்கம், புழல், கொரட்டூர், அம்பத்தூர் என்று ஊருக்கு ஊர் ஏரி வெட்டி மழையைப் பிடித்து வைத்தார்கள். அங்கே மலையே ஏரி. குளிர்காலத்தில் நிரம்பும் அந்த ஏரிக்கு மதகு சூரியன். காலையில் வெயில் ஏற ஏற மதகு திறக்கும்; மாலையில் மெல்ல மூடும். இவ்வளவு எளிய உண்மையை நான் புரிந்துகொள்ள ஓர் இரவு முழுவதும் ஒரு கல் கொட்டகையில் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கிரஹணிலிருந்து அடுத்த முகாமுக்குப் போகும் நாள். என் காலணி புத்தம் புதியது. ஊரில் ஒருநாள்கூடப் போட்டு நடக்காமல், அட்டைப் பெட்டியோடு இரயிலில் கொண்டுபோனேன். இரண்டாம் நாளே இரு குதிகாலிலும் கொப்புளம். கூட்டம் முன்னே போய்விட்டது. நானும், மதுரைக்காரர் ஒருவரும், நாகபுரியைச் சேர்ந்த ஒருவரும் பின்தங்கினோம். எங்களோடு அவ்வூர் வழிகாட்டி ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு ஓர் ஓடைக்கு வந்து சேர்ந்தோம். பெயரில்லாத ஓடை, அகலம் இருபது அடி இருக்கலாம். எதிர்க்கரையில் பாதை தெளிவாகத் தெரிந்தது. முகாம் இன்னும் ஒரு மணி நேரம். முன்னே போனவர்கள் பதினொரு மணிக்கே இதைக் கடந்திருக்கிறார்கள். கல்லுக்குக் கல் தாவி, காலணி நனையாமல் கடந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் பார்த்தபோது கல் எதுவும் கண்ணில் படவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. தண்ணீருக்குள் மடமடவென்று ஒரு சத்தம். அடியில் கற்கள் உருளும் சத்தம் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆழம் முழங்காலுக்கு மேல் இராது என்று எனக்குத் தோன்றியது. சுமையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை வைக்கப் போனேன். வழிகாட்டி என் தோளைப் பிடித்து இழுத்தார். தண்ணீரைக் காட்டி, “கல்! கல்!” என்றார்.

நான் அசந்து போனேன். இவருக்குத் தமிழ் தெரியுமா? கல் இல்லை, அதனால் போகாதே என்கிறாரா? “கல் இல்லாட்டி என்ன, நான் பாத்துக்குறேன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மறுபடி இறங்கப் போனேன். அவர் விடவில்லை. “கல்! சுபஹ்! கல்!” கொஞ்சம் கோபமாகவே நானும் கையை உதறினேன். நல்ல வேளையாக அவருக்குப் புரியாத சில சொற்களையும் சொன்னேன்; அவற்றை இம்மலரில் அச்சிட முடியாது. பத்து நிமிடம் கழித்து நாகபுரி நண்பர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கிற்று. இந்தியில் ‘கல்’ என்றால் நாளை. ‘நாளைக் காலையில்’ என்றுதான் அந்த மனிதர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை. கரையோரம் பாதி நனைந்திருந்த ஒரு பாறையைக் காட்டி, தண்ணீர் விளிம்பில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். அரை மணி கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு நீருக்குள் போயிருந்தது. பிறகு ஒரு விறகுக் கட்டையை ஓடையில் எறிந்தார். அது போன வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிரவு மேய்ப்பர்கள் கட்டிவைத்த கல் கொட்டகையில் தங்கினோம். அவரிடம் இருந்த ரொட்டியை நான்காகப் பிட்டார். ‘கத்தி’ என்னும் இடையர் மக்கள் வசந்தத்தில் பனி பின்வாங்கப் பின்வாங்க, அதன் விளிம்பைத் தொடர்ந்தே ஆடுகளை மேலே ஓட்டிச் செல்வார்களாம். அவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பாடமில்லை, பிழைப்பு.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடைக்குப் போனோம். நான் முதலில் வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். வரிசையாகக் கற்கள். ஓரங்களில் கண்ணாடித் தகடுபோல் மெல்லிய பனிக்கட்டி. தண்ணீர் தெளிந்து, கற்களின் இடுக்கில் சலசலத்துக்கொண்டிருந்தது. கரிக்கோடு என் முழங்காலுக்கு மேலே பாறையில் நின்றது. காலணியின் அடி மட்டுமே நனைந்தது. எட்டு மணிக்கு முகாமை அடைந்தபோது எங்கள் கூட்டத்தார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள்கூட இழக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. முதலாண்டு வெப்பவியலில் படித்ததுதான்: ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். பூஜ்யம் டிகிரியில் உள்ள அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் இது. தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோன எண். இந்த உள்ளுறை வெப்பம் இவ்வளவு பெரிதாக இராவிட்டால், முதல் வெயிலிலேயே மலைப்பனி முழுவதும் உருகிப் பள்ளத்தாக்கை அடித்துப் போயிருக்கும். நம் சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக உள்ள ஐஸ் ஹவுஸ், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்குக் கட்டப்பட்டது. ஏரியில் வெட்டிய கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, வெப்பமண்டலக் கடலைத் தாண்டி மாதக்கணக்கில் கொண்டுவந்தார்கள். வழியில் உருகியது போகவும் மிச்சம் இருந்தது என்றால் அது அந்த 80 கலோரியின் தயவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஒரு மீட்டர் ஆழப் பனி என்றால் 40 கிராம். அதை உருக்க 3,200 கலோரி. மேகமில்லாத மே மாதப் பகல் முழுவதும் அப்பரப்பில் விழும் சூரிய வெப்பம் ஏறத்தாழ 600 கலோரி. புதுப்பனியாயிருந்தால் அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் வசந்தப் பனி பழசு. தூசும் ஊசியிலைச் சருகும் படிந்து அழுக்கானது. அது பாதியை உள்ளே வாங்கிக்கொள்கிறது என்று வைத்தால் 300 கலோரி. ஆகவே ஒரு நாளில் உருகுவது 3.75 கிராம். ஒரு மீட்டர்ப் பனி தீரப் பதினோரு நாள் ஆகும்.

பார்ப்பதற்குச் சிறிய எண். இதையே ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பெருக்குங்கள். நாளொன்றுக்கு 37,500 டன் தண்ணீர்! நாள் முழுவதும் சீராக ஓடினால் விநாடிக்குச் சுமார் 15 கன அடி. ஆனால் சீராக ஓடுவதில்லை. பெரும்பகுதி எட்டு மணி நேரத்துக்குள் வருகிறது என்றால் அது 46 கன அடி. ஓடைக்கு மேலே பத்துச் சதுர கிலோமீட்டர் பனிச்சரிவு இருந்தால் 460 கன அடி. செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மழைக்காலத்தில் வானொலியைக் கவனித்துக் கேட்கும் பூவிருந்தவல்லி நண்பர்களுக்கு இந்த அளவின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. இது தோராயக் கணக்கே. பனி இரவில் இழக்கும் வெப்பத்தையும் காற்று தரும் வெப்பத்தையும் நான் சேர்க்கவில்லை.

அடுத்து, தண்ணீரின் தள்ளு விசை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். முழங்கால் வரையிலான நீரில் நிற்பவனின் இரு கால்களையும் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சுமார் ஏழரைக் கிலோ எடை அளவுக்குத் தள்ளுகிறது. சமாளிக்கலாம். வேகம் இரண்டு மீட்டரானால் 30 கிலோ. மூன்று மீட்டரானால் 67 கிலோ. என் எடையைவிட அதிகம். ஆழத்தைப் பார்த்து மட்டும் ஓடையை எடைபோட்ட என் அறியாமை இப்போது விளங்குகிறதல்லவா? போதாக்குறைக்கு அத்தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். சில நிமிடங்களில் கால் மரத்துப்போகும். எங்கே ஊன்றுகிறோம் என்பதே தெரியாது. காலுக்கடியில் உருளும் கற்கள் வேறு.

இக்கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. “நீ மறந்துட்டியா? அப்போ உனக்குப் பத்து வயசு” என்றார். 2015 டிசம்பர். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த வெள்ளத்தின்போது எங்கள் தெருவிலும் முழங்காலளவு தண்ணீர். அது செம்பரம்பாக்கத்து நீரல்ல, பக்கத்து ஏரி வழிந்த நீர். அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். சாக்கடை மூடிகள் எங்கே திறந்து கிடக்கின்றன என்று தெரியாதல்லவா? தெருமுனையில் தண்ணீர் வேகமாகத் திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார். போகலாமே என்று நான் அழுதேனாம். ஒரு திண்ணையில் ஏறி, வடியும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எனக்கு நினைவிருப்பது அந்தத் திண்ணையில் யாரோ கொடுத்த பிஸ்கட் மட்டுமே.

மீண்டும் மலைக்கு வருவோம். ஓடைகளைப் பொறுத்தவரை ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். பனிக்கு அருகிலுள்ள சிற்றோடைகள் பிற்பகலிலோ மாலையிலோ உச்சத்தை அடைகின்றன. ஆனால் அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கின் அடிக்கு வந்துசேரப் பல மணி நேரமாகும். கசோலில் முதல் இரவு நடுநிசியில் விழித்துக்கொண்டேன். மாலையில் கேட்டதைவிட பார்வதியாற்றின் இரைச்சல் கூடியிருந்தது. மழை பெய்யவில்லையே என்று வியந்தேன். நண்பகல் வெயில் நடுநிசிக்கு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ‘காலையில் தண்ணீர் குறைவு’ என்பதையே பெரிய ஆறுகளுக்கும் விதியாகக் கொண்டுவிடக் கூடாது. பெரிய ஆற்றுக்குப் பாலம்தான் வழி. அணைகள் உள்ள ஆற்றிலோ சூரியனின் மதகோடு மனிதனின் மதகும் சேர்ந்துகொள்கிறது. 2014 ஜூன் 8-ஆம் நாள் மாலை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பியாஸ் நதியில் திடீரென்று உயர்ந்து, ஆற்றுப் பாறைகளில் நின்றிருந்த ஐதராபாத் கல்லூரி மாணவர்கள் இருபத்து நால்வரைக் கொண்டுபோயிற்று. நம் வயதினர். எங்கள் பேருந்து அந்தச் சாலை வழியாகத்தான் சென்றது.

இனி, பனியின் மேலேயே நடப்பதைப் பற்றி. நகாரு முகாமில் எங்களை அதிகாலை இரண்டரை மணிக்கு எழுப்பினார்கள். காற்று கூடாரத்தைப் பிய்த்துவிடும்போல் அடித்தது. எல்லோரும் முணுமுணுத்தோம், நான் மட்டும் முணுமுணுக்கவில்லை, எனக்கு ஓடைப் பாடம் ஆகியிருந்தது. தெளிந்த வானமுள்ள இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழந்து, பகலில் ஊறிய ஈரம் உறைந்து, அப்பளம்போல ஓர் ஓடு கட்டிவிடுகிறது. அந்த ஓடு ஆளைத் தாங்கும். ஆனால் வழுக்கும். வழிகாட்டிகள் முன்னே போய்ப் பனிக்கோடரியால் படி வெட்ட, நாங்கள் ஒருவர் அடியில் ஒருவர் அடி வைத்து நடந்தோம். சரிவு செங்குத்தாக இருந்த இடத்தில் நான் கீழே பார்க்கவேயில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது மணி வாக்கில் ஓடு இளகத் தொடங்கியது. பத்து மணிக்கு மேல் முழங்கால் வரை புதைந்தோம். ஒரு காலை உருவி எடுப்பதற்குள் மறுகால் புதையும். நூறு அடி நடக்கக் கால்மணி நேரம். பாறைகளை ஒட்டிய இடங்களில் இது இன்னும் மோசம்; வெயிலில் சூடேறும் பாறை தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளுக்குள்ளேயே உருக்கிக் குழியாக்கி வைத்திருக்கும். ஆகவே பாறையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அதன் பக்கம் போவதுதான் தப்பு. பனிப்பாலங்கள் வேறு இருக்கின்றன. மேலே சமதளமாகப் பனி, அடியில் ஓடை. அந்த ஓடை பனியைக் கீழிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் எத்தனை அடி கனம் மிச்சம் என்று தெரியாது. காலடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வழிகாட்டி கையை உயர்த்துவார், எல்லோரும் நிற்போம், அவர் கழியால் குத்திப் பார்த்தபின் ஒருவர் ஒருவராகப் போவோம். அந்தக் கழியைப் பார்த்தபோது ஏதோ நினைவுக்கு வருவது போலிருந்து வராமல் போயிற்று. அப்பா சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

சரிவிலிருந்து சிறு பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வரத் தொடங்கினால், அங்கே ஈரம் மிகுந்துவிட்டது, பனிச்சரிவு வரலாம் என்பதற்கு அது அடையாளம். அச்சரிவின் கீழே நிற்கக் கூடாது, நிழற்படம் எடுக்கவும் கூடாது.

இதில் ஒரு விலக்கை எங்கள் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். அவரிடம் என் கணக்கைக் காட்டியபோது, “இரவில் மேகம் மூடியிருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டார். நான் விழித்தேன். சென்னையில் மேகமூட்டமான இரவில் புழுக்கம் தாங்க முடியாது, தெளிந்த இரவில் சற்றே ஆறும். மேகம் போர்வைபோல வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதே காரணம். மலையிலும் அப்படியே. மேகம் மூடிய இரவில் பனி ஓடு கட்டுவதில்லை, விடியற்காலையிலும் புதையும். ஓடையும் குறைவதில்லை. அதோடு ஈரக்காற்று வீசினால் இன்னும் கேடு. ஒரு கிராம் நீராவி பனியின் மேல் படிந்து நீராகும்போது சுமார் 600 கலோரியை விடுகிறது. அது ஏழரைக் கிராம் பனியை உருக்கப் போதும். எனவே அதிகாலையில் எழுந்தால் மட்டும் போதாது. இரவில் ஒருமுறை கூடாரத்தை விட்டு வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வழிகாட்டிகள் இரண்டு மணிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததன் பொருள் இங்கே, கல்லூரி ஆய்வகத்தில்தான் எனக்கு விளங்கியது.

மொட்டைமாடியில் ஒரு சோதனையும் செய்தேன். மீன் கடையில் வாங்கிய பனிக்கட்டியை நொறுக்கி, எடை பார்த்து இரு தட்டுகளில் பரப்பி, ஒன்றின் மேல் அடுப்புக்கரித் தூளைத் தூவினேன். கரி தூவிய தட்டு முந்திக்கொண்டது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நம் ஊரின் சூடான ஈரக்காற்றே இரண்டையும் போட்டி போட்டுக்கொண்டு உருக்கிவிட்டது. அம்மா வந்து, “காசு கொடுத்து ஐஸ் வாங்கி வெயில்ல காய வெக்கிறியா?” என்றார். மலையின் குளிர்ந்த காற்றில் செய்தால் வேற்றுமை நன்றாகத் தெரியும். அங்கே ஒரு சருகு விழுந்த இடத்தில் சருகின் வடிவத்திலேயே பனி குழிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பனி திருப்பி அனுப்பும் ஒளியில் புற ஊதாக் கதிர்களும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது அக்கதிர்கள் ஏறத்தாழ பத்து சதவீதம் வலுக்கின்றன. எங்களில் ஒருவர் வேர்க்கிறது என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்குக் கண்ணில் மணலை வாரிக் கொட்டினாற்போல் துடித்தார். ஒருநாள் முழுவதும் கண்ணைக் கட்டி வைத்தபின் சரியாயிற்று. எனக்குத் தாடையின் அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் வெந்துபோயிற்று. வெயில் கீழேயிருந்தும் அடிக்கும் ஊர் அது.

சோற்றைப் பற்றி ஒரு வரி: கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஆறு பங்குதான், பத்துக்கு. தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தக் கலன் இல்லாமல் அரிசி எளிதில் வேகாது. நான் ஒன்பது நாள் ரொட்டியில் உயிர் வாழ்ந்தேன்.

நம் மாநிலத்தில் பனி உருகும் மலை இல்லை. ஆனால் பருவம் அறியாத நடையால் வரும் கேடு இங்கும் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில், சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சென்ற மலை நடையாளர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே வசந்தம் தண்ணீராக வருகிறது, இங்கே அதே மாதங்கள் காய்ந்த புல்லாக நிற்கின்றன. எந்த மலைக்குப் போனாலும் அந்த மலைக்கு அந்த மாதத்தில் என்ன நேரும் என்று, அங்கே வாழ்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். கேட்பதற்கு அவர் மொழியில் நாலு சொல்லாவது தெரிந்திருந்தால் நல்லது.

ஓடையைக் கடந்தே ஆகவேண்டிய நேரம் வந்தால் நான் கற்றது இது. காலணியைக் கழற்றாதீர்கள்; வெறுங்கால் உருளும் கல்லில் நிற்காது. இடுப்பில் கட்டிய சுமைவாரை அவிழ்த்துவிடுங்கள்; விழுந்தால் சுமையை உதறிவிட வேண்டும். குறுகலான இடம் கடக்க எளிது என்று தோன்றும். அங்கேதான் வேகம் அதிகம். ஓடை அகன்று பிரியும் இடமே நல்லது. கழியை மேல்நீர்ப் பக்கம் ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நகர வேண்டும். கீழே அருவியோ பெரும்பாறையோ இருந்தால் அங்கே இறங்கவே கூடாது.

சார் கணவாயின் மறுபக்கம் நீண்ட பனிச்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு இறங்கினோம். இருபது வயதில் சறுக்குமரம் ஆடியது போன்ற மகிழ்ச்சி. கீழே வந்து காற்சட்டையின் பின்புறத்தைப் பார்த்தால் தையல் விட்டிருந்தது. அம்மாவிடம்தான் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். வழிகாட்டியிடம் விடைபெறும்போது, அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, நாகபுரி நண்பரிடம் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நேரில் நின்றதும் வாக்கியம் மறந்துவிட்டது. “கல்” என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தோளைத் தட்டினார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த அப்பா, “அவருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி தர்றாங்க?” என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வர எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மே மாதம் போக விரும்பும் நண்பர்கள் என்னை இயற்பியல் ஆய்வகத்தில் பார்க்கலாம். காலணியை மட்டும் மார்ச் மாதமே வாங்கிவிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து அதைப் போட்டுக்கொண்டே கல்லூரிக்கு வாருங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.